செரிங்ணா

செப்டம்பர் 4, திங்கள்

கடைவாய்ப் பல் காலையிலிருந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. கிராம்பு வைத்து அடக்கியிருக்கிறேன். செப்டம்பரில் பல் டாக்டரிடம் போக எனக்கு நேரம் கிடையாது என்பது அந்தப் பல்லுக்கும் தெரியும், அதனால்தான் இப்போது பார்த்து ஆடுகிறது.

வருடா வருடம் இதே கூத்து. கம்பெனி டைரக்டர் ஒவ்வொருவரும் முப்பதாம் தேதிக்குள் "நான் நான்தான்" என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு ஒரு ஓடிபி, செல்போனுக்கு ஒரு ஓடிபி. இரண்டையும் தட்டிவிட்டால் அவர் அவர்தான். தவறினால் டைரக்டர் எண் முடங்கும், அபராதம் விழும், நம்மைத்தான் திட்டுவார்கள். கம்பெனி செக்ரட்டரி என்றால் முதலாளிக்கு லெட்டர் டைப் அடிப்பவள் என்றுதான் கோயமுத்தூரில் பாதிப் பேர் இன்னும் நினைக்கிறார்கள். திட்டும்போது மட்டும் நான் என்ன வேலை செய்கிறேன் என்பது சரியாகத் தெரிந்துவிடுகிறது.

இன்று பொள்ளாச்சி தெய்வசிகாமணியின் கம்பெனியை எடுத்தேன். தேங்காய் நார் மில். கோகிலவாணி ஃபைபர்ஸ் என்று மனைவி பெயரையே வைத்திருக்கிறார். டைரக்டர்கள் இரண்டே பேர், அவரும் மனைவியும். அவருடையது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கோகிலவாணியின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. தெய்வசிகாமணிக்கே போன் போட்டேன்.

"அந்த நம்பரு போச்சுங்க மேடம். புது நம்பரு வாங்கியிருக்கறோம், அனுப்பறனுங்க, ஆமாமா."

எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ஆமாமா போட்டு அவருக்கு அவரே ஒத்து ஊதிக்கொள்வார். நம்பர் மாறினால் சும்மா ஓடிபி போதாது. முழுப் படிவம் போட வேண்டும், அந்தம்மாவின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அதற்கு அவர் வீடியோவில் முகம் காட்ட வேண்டும், கடைசியில் நான் சான்றளிக்க வேண்டும். ஒரு சிம் கார்டை மாற்றி என் தலையில் இவ்வளவையும் ஏற்றிவிட்டார் மனுஷன்.

செப்டம்பர் 8, வெள்ளி

தெய்வசிகாமணிக்கு மூன்று முறை அடித்த பிறகு எடுத்தார். "அவ உடுமலைப் பக்கம் அவங்கண்ணன் வூட்டுக்குப் போயிருக்கறாளுங்க. வந்ததும் பண்ணீரலாமுங்க."

அந்தம்மாவை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், கம்பெனி ஆரம்பித்தபோது. ஆபீசுக்கு இருவருமாக வந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி. காகிதத்தை மூக்கில் ஒட்டிக்கொள்வதுபோலப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, டைரக்டருன்னா படம் எடுக்கறவங்கதானுங்களே? எனக்கு நார் முறுக்கத்தான் தெரியும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மாமா, எங்கீங்க போடோணும்?" என்று புருஷனைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மில் நிற்கும் நிலம் அந்தம்மாவின் அப்பா கொடுத்தது. அதனால்தான் கம்பெனிக்குத் தன் பெயர் என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னார்.

அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. என் ஆபீஸ் முகவரியையே போட்டுவிட்டேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பல். கேஸ் சிலிண்டர் வரவில்லை. பல்.

செப்டம்பர் 15, வெள்ளி

இன்று தெய்வசிகாமணி வேறு சொல்கிறார். "அம்மை போட்டிருக்குதுங்க மேடம். வேப்பலை கட்டியிருக்கறோம். இந்த நேரத்துல வீடியோவெல்லாம் எடுக்கக் கூடாதுங்க."

ஆத்தா வந்திருக்கிற வீட்டில் கேள்வி கேட்கக் கூடாது. அது என் ரத்தத்திலேயே இருக்கிறது. "நல்லபடியாத் தண்ணி ஊத்தட்டுமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். உடுமலையில் இருந்தவர் எப்போது திரும்பி வந்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, பல்வலி.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையை ஒரு பக்கமாகவே மென்றேன். பல்லைப் பிடுங்கித் தொலை என்கிறார் முரளி. புருஷன்மார்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வைத்தியம்தான்.

செப்டம்பர் 22, வெள்ளி

வேறொரு கிளையண்ட் விஷயமாகப் பொள்ளாச்சி போனேன். வழியில்தான் மில், அதை ஒட்டியே வீடு. நானே இரண்டு நிமிடத்தில் வீடியோவை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினேன்.

மில் ஓடவில்லை. பின்பக்கம் நார்க்கழிவு மலைபோலக் குவிந்திருந்தது. உள்ளே சூடேறிப் புகைகிறது போலிருக்கிறது. தெய்வசிகாமணியே நின்று ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பைப்பைப் போட்டுவிட்டு வேகமாக வந்தார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே மேடம்."

"இந்தப் பக்கம் வந்தனுங்க. அக்காவைத் தூரத்துல நின்னு பாத்துட்டு, ரெண்டு நிமிசத்துல எடுத்துட்டுப் போயர்றேன்."

"உள்ள வர வேண்டாமுங்க, அம்மை வூடு. தலைக்கு ஊத்துனதுக்குப் பொறவு நானே எடுத்து அனுப்பறனுங்க, ஆமாமா."

இளநீர் வெட்டிக் கொடுத்தார். வாசலிலேயே நின்று குடித்தேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல்கள்கூடச் சாத்தியிருந்தன, இந்த வெயிலில். மில்லை விற்கப் போவதாகவும், வாங்குகிறவர் அவசரப்படுவதாகவும் சொன்னார். நிலம் அந்தம்மா பெயரில், மில் கம்பெனி பெயரில். இரண்டுக்கும் அவருடைய கையெழுத்து செல்லுபடியாக வேண்டும், அதனால் முப்பதாம் தேதிக்குள் முடித்துக் கொடுங்கள் என்றார். இத்தனை நாள் நான் அவரைத் துரத்தினேன், இப்போது அவர் என்னைத் துரத்துகிறார்.

வாசல் நிலையில் வேப்பிலையைக் காணோம். காய்ந்து விழுந்திருக்கும்.

செப்டம்பர் 27, புதன்

வீடியோ வந்தது. டிஜிட்டல் கையெழுத்துக் கம்பெனிக்காரர்கள் எங்கேயோ வடக்கே உட்கார்ந்துகொண்டு பார்த்து, 'ஏற்கப்பட்டது' என்று போட்டுவிட்டார்கள். ஏஜென்ட் என்ற முறையில் என் கணக்குக்கும் ஒரு பிரதி வந்தது. கரண்ட் இல்லை, மருந்துக் கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டிருந்தார், அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. படத்தை மட்டும் பார்த்தேன். கண்ணாடி போட்ட பெண், தலையில் முக்காடு. கண்ணாடியைக் கழற்றினார், திரையில் வந்த எண்களைப் படித்தார், பான் கார்டைக் காட்டினார். அம்மைத் தழும்பு தெரியவில்லை. முகம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. ஆதார் படத்தோடு ஒப்பிட்டால், ஆதார் படத்தில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்?

செப்டம்பர் 29, வெள்ளி

மின்னஞ்சல் ஓடிபி என் இன்பாக்ஸுக்கே வந்தது. செல்போன் ஓடிபியை தெய்வசிகாமணி படித்துச் சொன்னார். "டைரக்டரின் அடையாளத்தை மூல ஆவணங்களைக் கண்டு சரிபார்த்தேன்" என்ற வரிக்கு நேராக என் கையெழுத்தை ஒட்டி அனுப்பினேன். சில நிமிடங்களில் பச்சை விழுந்தது.

அவர் நேரில் வரவில்லைதான். இந்த மாதம் எனக்கு யார் நேரில் வந்தார்கள்?

செப்டம்பர் 30, சனி

முடிந்தது. நாளை பல்.

அக்டோபர் 1, ஞாயிறு

பிடுங்கிவிட்டார்கள். வேர் வளைந்திருந்ததாம்.

அக்டோபர் 9, திங்கள்

மத்தியானம் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம்பேரு திருமூர்த்திங்க. கோகிலாவோட அண்ணன்" என்றார்.

அம்மையெல்லாம் இறங்கிவிட்டதா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "யாருக்குங்க அம்மை?"

பிறகு அவர் சொன்னார், நான் கேட்டேன். "வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணீருவாளுங்க. ஆடிப்பெருக்கன்னிக்குப் பேசுனதுதான் கடைசி. நிலத்தை வித்துக் குடுன்னு அவரு நெருக்கறாருண்ணா, நான் மாட்டேன்னுட்டேன்னு சொன்னா. அடுத்த வாரம் போனு போகலை. வூட்டுக்குப் போனா, திருப்பூர்ல டாக்டரைப் பாக்கப் போயிருக்கறாங்கறாரு. அப்பறம் போனா கோயிலுக்குங்கறாரு."

"போன மாசம் உங்க வீட்டுல இருந்தாங்கன்னு..."

"இல்லீங்களே! எங்க வூட்டு வாசப்படி மிதிச்சு ரெண்டு வருசமாச்சுங்க. அவரு உடறதில்ல."

போலீசில் மனு கொடுத்திருக்கிறார். விசாரித்துவிட்டு மூடிவிட்டார்களாம். "ஏதோ கவர்மெண்டு சர்டிபிகேட்டு இருக்குது, உந்தங்கச்சி நல்லா இருக்கறான்னு சொல்லீட்டாங்க. அதுல உங்க பேரு இருந்துச்சுங்க. அதேன் உங்களையே கேட்டுப் போடலாமுன்னு வந்தேன். நீங்க அவளைப் பாத்தீங்களா?"

எந்தச் சான்றிதழ் என்று நான் கேட்கவில்லை. "வீடியோவுல பாத்தேன்" என்றேன்.

"உசுரோட இருக்கறாளுங்களா?"

"இருக்காங்க."

அப்போதுதான் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், ஐம்பது வயது மனிதர். தண்ணீர் கொடுத்தேன். அந்த வீடியோவை ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டார். கிளையண்ட் விவரங்களை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்றேன். விதி அப்படித்தான் இருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் போனார். மஞ்சள் பையில் தங்கைக்கென்று கொண்டுவந்த முறுக்கை என் மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க பாத்தாக் குடுத்துருங்க" என்றார்.

அக்டோபர் 10, செவ்வாய்

முறுக்குப் பை மேஜையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் வேலை செய்ய முடியவில்லை.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அந்த வீடியோவைப் போட்டேன்.

கண்ணாடி போட்ட பெண் திரையைப் பார்த்துத் தடுமாறுகிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஆண் குரல்: "கண்ணாடியக் கழட்டிட்டுப் படி, ஆமாமா."

அந்தப் பெண், பணிவாக: "செரிங்ணா."

கழற்றுகிறார். எண்களைத் தெளிவாகப் படிக்கிறார்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வடக்கே உட்கார்ந்து பார்த்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒரு பெண் சரி என்று சொல்லிவிட்டுச் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். ஆனால் நான் இந்த ஊர்க்காரி. கொங்கு நாட்டில் கண்டக்டரிலிருந்து கலெக்டர் வரை எங்களுக்கு எல்லோரும் 'ங்ணா'தான். பால்காரரும் ங்ணா, பத்து வயது குறைந்தவனும் ங்ணா. தாலி கட்டியவனை மட்டும் எந்தப் பெண்ணும் அப்படிச் சொல்ல மாட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வராது. அந்தம்மா என் எதிரில் உட்கார்ந்து மாமா மாமா என்றுதான் கூப்பிட்டார்.

எழுத்து கோணுகிறது. பல் இருந்த குழியை நாக்கு துழாவிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 11, புதன்

முரளியிடம் சொன்னேன். "ஒரு வார்த்தையை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவ கல்பனா? போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையறதுக்கா படிச்ச? பேசாம விட்டுரு" என்றார். அவர் சொன்னது தப்பு என்று எனக்கு ஆத்திரம் வரவில்லை. நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றுதான் ஆத்திரம்.

தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். அக்காவிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும், ஒரு விவரம் விட்டுப்போய்விட்டது என்றேன்.

"எல்லாம் பச்சை உழுந்துருச்சுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"ஒரு நிமிசம் குடுங்க, போதும்."

"மேடம், அவ நல்லா இருக்கறா. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும், ஆமாமா?"

வைத்துவிட்டார். குரலில் கோபமே இல்லை. இளநீர் வேண்டுமா என்று கேட்ட அதே குரல்தான்.

அக்டோபர் 13, வெள்ளி

திருமூர்த்தியை வரச் சொன்னேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது.

முதல் சில நொடிகளிலேயே எழுந்துவிட்டார். "இது வசந்தாமணிங்க. அவனோட தங்கச்சி. கிணத்துக்கடவுல கட்டிக் குடுத்துருக்குது. கோகிலாவோட கண்ணாடிய மாட்டிட்டு இருக்கறா பாருங்க." பிறகு மெதுவாக, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "கண்ணாடி இல்லீன்னா எந்தங்கச்சிக்குச் சோத்துத் தட்டுக்கூடத் தெரியாதுங்க. கழட்டி வெச்சுட்டு அவ எங்கீங்க போயிருப்பா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. திங்களன்று இவரிடம் "இருக்காங்க" என்று சொன்ன வாய் இது. அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அக்டோபர் 16, திங்கள்

போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். வீடியோவைப் பார்த்தார். செரிங்ணா வந்ததும் நிறுத்தி, இன்னொரு முறை போட்டார். அவர் திருநெல்வேலிக்காரர், பக்கத்தில் நின்ற ஏட்டு இந்த ஊர். ஏட்டு அவரிடம் குனிந்து, "கட்டுனவனை அப்படிச் சொல்ல மாட்டாங்கய்யா" என்றார்.

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். திருமூர்த்தியின் மனுவுக்கு தெய்வசிகாமணி கொடுத்த பதில். 'என் மனைவி நலமாக உள்ளார். நிலத் தகராறு காரணமாக மைத்துனர் பொய்ப் புகார் கொடுத்துள்ளார்.' அத்துடன் என் படிவம், என் சான்றுரை, என் பதிவு எண். மனுவை மூடியதற்கு அதுதான் காரணம் என்று அடியில் எழுதியிருந்தது.

"இது உங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமாங்க."

"செப்டம்பர் இருபத்தொம்பதுல அந்தம்மாவச் சரிபாத்தேன்னு எழுதியிருக்கிய. இன்னைக்கு வந்து, அது அவங்க இல்லங்கிய. அப்பம் பொய்யா, இப்பம் பொய்யா?"

திருமூர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப" என்றேன்.

"எழுதிக் குடுங்க. யோசிச்சுட்டு எழுதுங்க. உங்க லைசென்சுக்கு என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும்."

எழுதிக் கொடுத்தேன். அந்தம்மாவை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்திட்டேன் என்று இரண்டு வரி. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

வசந்தாமணி போலீசிடம் சொல்லிவிட்டார். அண்ணன் பேங்க் வேலைக்கு என்று கூப்பிட்டார், அண்ணி ஊரில் இல்லை என்றார், கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். அண்ணன் சொன்னால் செய்யாமல் எப்படி என்று கேட்டாராம்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்று ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கவில்லை.

இன்று போலீசார் ஜேசிபி வைத்து மில்லுக்குப் பின்னால் இருக்கும் நார்க்கழிவைக் கிளறினார்கள். நான் போகவில்லை. திருமூர்த்தி போன் செய்தார். "கெடைச்சுட்டாளுங்க" என்றார். காணாமல் போனவர் கிடைத்ததுபோலத்தான் சொன்னார். தெய்வசிகாமணி ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அந்த இடம்தான். அன்று அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுதான் இளநீர் குடித்தேன்.

அடையாளம் காண்பதற்கு அண்ணனின் ரத்தத்தை எடுத்தார்கள். அதற்கு ஓடிபி எதுவும் தேவைப்படவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

எங்கள் தொழில் அமைப்பிலிருந்து கடிதம். விசாரணை முடியும்வரை நான் எதிலும் சான்றளிக்கக் கூடாது. முரளி தோசை வார்த்துக் கொடுத்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். லைசென்சுக்காக அழுதேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, செப்டம்பர் 2, திங்கள்

வேலையில்லாத முதல் செப்டம்பர். தெய்வசிகாமணி உள்ளேதான் இருக்கிறார், வழக்கு நடக்கிறது. திருமூர்த்தி மாதத்துக்கு ஒருமுறை போன் செய்கிறார். என்னைத் திட்ட மாட்டேன் என்கிறார். திட்டினால் நன்றாக இருக்கும்.

கோகிலவாணி இறந்துவிட்டார் என்று கம்பெனித் துறைக்குச் சொல்வதற்கும் ஒரு படிவம் உண்டு. அதை அந்தக் கம்பெனியின் டைரக்டர்தான் போட வேண்டும். மிச்சமிருக்கும் டைரக்டர் ஜெயிலில் இருக்கிறார். அதனால் அங்கே அந்தம்மா இன்னும் டைரக்டர்தான்.

இன்று காலை ஒரு மின்னஞ்சல். அன்புள்ள கோகிலவாணி, முப்பதாம் தேதிக்குள் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்தவும் என்று இருந்தது. என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அவருடைய முகவரி என்று அரசாங்கத்திடம் இருப்பது என்னுடைய முகவரி. அவரைத் தேடி யார் வந்து கதவைத் தட்டினாலும், இருக்கிறார் இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தான். போன வருடம், இருக்கிறார் என்று சொன்னேன்.